மதியம் ஏறுகிற தண்ணீர்

ஒரு வாரமாகக் கோட்டைக்குப்பத்து மணலில் உங்களை விழவைத்து விழவைத்து எழுப்பிக்கொண்டிருக்கிறேன். "இந்தக் கெழம் நம்மள சாவடிக்குது"னு நீங்கள் டீக்கடையில் பேசிக்கொண்டது என் காதில் விழாமல் இல்லை. பேசுங்கள், எனக்கு ஒரு கோபமும் கிடையாது. நானும் உங்கள் வயதில் இதைவிடக் கேவலமாகத் திட்டியிருக்கிறேன்.

மணலில் வண்டி ஓட்டத் தெரிந்தவன் மலைச்சரளையில் பாதி தேறியவன். மீதியை அங்கே போய் நீங்களே பட்டுத் தெரிந்துகொள்வீர்கள். பஞ்சர் ஒட்டவும் கிளட்ச் ஒயர் மாற்றவும் உங்களுக்கு என்னைவிட நன்றாகவே வரும். ஆனால் மலைக்குப் பைக் பயணம் நடத்துகிற நம் கம்பெனியில், "அண்ணே, பசங்க லடாக் கெளம்புறதுக்கு முன்னாடி உங்க அனுபவத்த ஏதாவது எழுதிக் குடுங்க"னு கேட்டார்கள். வேலையை விட்டு வந்தவனிடம் அனுபவத்தைக் கேட்டால் அவன் ஜெயித்த கதையாகத்தான் எழுதுவான். நான் தோற்ற கதையை எழுதுகிறேன். படித்துவிட்டு என் மேல் இருக்கும் மரியாதை குறைந்தால் குறையட்டும்.

நீங்கள் ஆறு பேரும் கடைசி வண்டி ஓட்டப் போகிறீர்கள். முன்னால் போகிற தலைவண்டிக்காரர் வழி பார்ப்பார். கூட்டத்துக்குப் பின்னால் வருகிற நமக்கு மனுஷனைப் பார்ப்பதுதான் வேலை. விழுந்தவர், பின்தங்கியவர், உடம்புக்கு முடியாதவர் எல்லாரும் கடைசியில் நம் கையில்தான் வந்து சேர்வார்கள். அப்போது தலைவண்டி ஒரு மலை தாண்டிப் போயிருக்கும். போனில் சிக்னல் இருக்காது. முடிவெடுக்க நீங்கள் ஒருத்தர்தான் இருப்பீர்கள்.

என்னைப் பற்றி ரெண்டு வார்த்தை சொன்னால்தான் மற்றது புரியும். நைனா பழவேற்காடு ஏரிக்கு அக்கரையில் இருக்கிற பசியாவரத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் படகு விட்டார். அம்மா ஏரியில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிப்பாள். பிடித்ததைப் பறியில் போட்டு, அந்தக் கூடையின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டே நாளெல்லாம் தண்ணீரில் நகருவாள். நானும் அவள் பின்னால் இறங்கியிருக்கிறேன். காலை வைத்தாலே அடியில் சேறா, மணலா, சிப்பியா என்று சொல்லிவிடுவேன். பிறகு பழவேற்காடு கடைத்தெருவில் படகு இன்ஜினும் பைக்கும் ரிப்பேர் பார்த்தேன். அங்கிருந்துதான் கம்பெனிக்கு வந்தேன்.

எங்கள் ஊரில் தண்ணீரைப் பற்றிய பாடம் ஒன்றுதான். அதோடு மல்லுக்கு நிற்காதே, உட்கார். முகத்துவாரத்தில் இழுப்பு கடுமையாக இருந்தால் படகை எடுக்கமாட்டார்கள். பீடியைப் பற்றவைத்துக்கொண்டு கரையில் உட்கார்ந்துவிடுவார்கள். நாலு மணி நேரமோ அஞ்சு மணி நேரமோ, கடல் ஏறின மாதிரியே இறங்கும். பசியாவரத்தில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி எடுத்தபோது, வீட்டுக்காரர்கள் எல்லாரும் கத்திக் கூச்சல் போட்டும் நைனா இரண்டு மணி நேரம் படகை எடுக்கவில்லை. இழுப்பு அடங்கின பிறகுதான் அக்கரை சேர்த்தார். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். பொறுமைக்காரன்னு ஊரே நைனாவைக் கொண்டாடியது. அப்போது எனக்குப் பத்துப் பன்னிரண்டு வயது இருக்கும். அந்தப் பெருமை என் ரத்தத்தில் ஊறிப்போய்விட்டது. மலையில் என்னைக் கெடுத்தது அதுதான்.

அது எனக்கு இரண்டாவது சீசன். சென்னையிலிருந்து வந்த கூட்டத்தில் ஒரு அப்பாவும் மகளும் இருந்தார்கள். ராமலிங்கம் சார் மின்சார ஆபீசில் வேலை பார்த்து அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தார். சொந்த ஊர் நம் திருப்பாலைவனம். அது தெரிந்ததும் எனக்கு ஏக சந்தோஷம். ராத்திரி கூடாரத்தில் உட்கார்ந்து நம் ஊர் நெல்லையும் நண்டையும் பற்றிப் பேசித் தீர்ப்போம். மகள் சுபாவுக்கு இருபத்தாறு இருபத்தேழு வயது. மலையில் வண்டி ஓட்டவேண்டும் என்பது அவள் ஆசை. மகளைத் தனியாக அனுப்ப மனமில்லாமல், அந்த வயதில் அவரும் ஒரு வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே ஓட்டினார்.

அவர் செய்த ஒரே தப்பு, தலைவலியை மறைத்தது. தான் படுத்துக்கொண்டால் மகளின் பயணம் கெட்டுவிடும் என்று நினைத்திருக்கிறார். "ஒண்ணுமில்ல எத்திராஜு, ராத்திரி தூக்கம் சரியில்ல"னு என்னிடமும் சொன்னார். நம் ஊர் மனுஷர், பொய் சொல்லமாட்டார் என்று நானும் விட்டுவிட்டேன். மூன்றாவது நாள் காலையில், உயரமான ஒரு முகாமில், வாந்தி எடுத்தார். தலைவண்டிக்காரர் பார்த்துவிட்டு, "இவர பிக்கப்ல ஒக்கார வச்சி உடனே கீழ எறக்குங்க. நான் மத்தவங்கள கூட்டிக்கினு முன்னாடி போறேன், அடுத்த ஊர்ல பாக்கலாம்"னு சொல்லிவிட்டுப் போனார். உடனே என்றுதான் சொன்னார். நான் என்ன செய்தேன்? சார் அப்போதுதான் கண்ணயர்ந்திருந்தார். பாவம், தூங்கட்டும் என்று இரண்டு மணி நேரம் விட்டுவிட்டேன். இரக்கத்தில் செய்ததுதான். ஆனாலும் அந்த இரண்டு மணி நேரத்தை மலை எனக்கு மன்னிக்கவில்லை.

எங்கள் சாமான் ஏற்றி வருகிற பிக்கப்பை ஓட்டியவர் அந்த மலைக்காரர். அவர் பெயரை எழுதமாட்டேன், எழுதினால் அவருக்குப் பிடிக்காது. டிரைவர்களை அங்கே கூப்பிடுகிற மாதிரி நானும் உஸ்தாத் என்றே கூப்பிடுவேன். என்னைவிட நாலைந்து வயது சின்னவர். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். இந்தியில்தான் பேசுவார். நான் ஓட்டை இந்தியில் பதில் சொல்வேன்.

சாரைப் பிக்கப்பில் உட்காரவைத்து, சுபா அவள் வண்டியிலும் நான் என் வண்டியிலுமாக அந்த ஓடைக்கு வந்து சேர்ந்தபோது மணி பதினொன்றரை. பனிமலையிலிருந்து இறங்கி வருகிற ஓடை, பாதையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஓடியது. பாலமெல்லாம் கிடையாது. முழங்காலளவு தண்ணீர், நல்ல இழுப்பு, பால் கலந்த டீ மாதிரி நிறம். பின்னால் திரும்பினால் இன்னும் உயரமான கணவாய். கீழே இறங்கவேண்டும் என்றால் இந்த ஓடையைத் தாண்டியே ஆகவேண்டும்.

உஸ்தாத் வண்டியை விட்டு இறங்கவே இல்லை. ஜன்னல் வழியாகத் தண்ணீரைப் பார்த்தார், சூரியனைப் பார்த்தார். "அபீ நிகலோ" என்றார். இப்பவே கிளம்பு என்று அர்த்தம்.

நான் கரையில் நின்று பார்த்தேன். நடு ஓடையில் வண்டி நின்றுபோனால்? உள்ளே முடியாத மனுஷர் இருக்கிறாரே, அவரை எப்படி வெளியே இழுப்பது? பயம் நியாயமான பயம்தான். பயத்தோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. அதன் மேல் தலைக்கனமும் ஏறி உட்கார்ந்துகொண்டது. கடலையே பார்க்காத மலைக்காரன், ஏரியில் பிறந்தவனுக்குத் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வந்துட்டானா!

"இல்ல உஸ்தாத். தண்ணி எறங்கட்டும், வெயிட் பண்ணுவோம்" என்றேன்.

அவர் இன்னொரு தடவை அதையே சொன்னார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். கம்பெனி ஆள் நான். அவர் வாடகை வண்டியின் டிரைவர். வண்டியைப் பின்னுக்கு எடுத்து மேட்டில் நிறுத்தினார்.

சுபா ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே வந்தாள். "என்னண்ணா, போலாமா, இருக்கணுமா?"

"இருக்கணும்மா. இழுப்பு ஜாஸ்தியா கீது. ரெண்டு மணி நேரத்துல எறங்கிடும் பாரு. ஏரிக்காரன் சொல்றேன், தண்ணி விஷயத்துல நான் சொன்னா தப்பாவாது" என்றேன்.

அவள் ஒரு நிமிஷம் என்னையே பார்த்தாள். உஸ்தாத் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "சரிண்ணா"னு சொல்லிவிட்டு அப்பாவிடம் போய் உட்கார்ந்துகொண்டாள்.

நீங்கள் படித்த பிள்ளைகள், இந்நேரம் உங்களுக்குப் புரிந்திருக்கும். பனியாற்றுக்கும் கடலுக்கும் சம்பந்தம் இல்லை. ராத்திரிக் குளிரில் பனி உறைந்து கிடக்கும், காலையில் ஓடை இளைத்திருக்கும். வெயில் ஏற ஏற மேலே பனி உருகும். மதியம் தாண்டினால் தண்ணீர் ஏறிக்கொண்டே போகும். சாயங்காலம் இருட்டின பிறகும் கொஞ்ச நேரம் ஏறும். முதல் வருஷம் எல்லா ஓடையையும் நாங்கள் விடிகாலையிலேயே தாண்டினோம். ஏன் இத்தனை சீக்கிரம் எழுப்புகிறார்கள் என்று திட்டினேனே தவிர, ஒரு நாளும் காரணம் கேட்கவில்லை.

எங்கள் ஊர் வழக்கப்படி தண்ணீரின் ஓரத்தில் அடையாளத்துக்கு ஒரு கல்லை வைத்தேன். தண்ணீர் இறங்கினால் கல்லுக்கும் தண்ணீருக்கும் இடைவெளி விழும். அரை மணி கழித்துப் பார்த்தால் கல்லைக் காணோம். சரி, சின்னக் கல், உருண்டு போயிருக்கும் என்று கொஞ்சம் பெரிய கல்லை வைத்தேன். அதுவும் முழுகியது. மூன்றாவதாக, இரண்டு கையாலும் தூக்கவேண்டிய கல்லாகப் பார்த்துக் கொண்டுவந்து போட்டேன். என்ன புத்தி பாருங்கள்! தண்ணீர் ஏறுகிறது என்று கண் சொல்கிறது. கல்தான் சரியில்லை என்று நான் கல்லை மாற்றிக்கொண்டிருக்கிறேன். எல்லாவற்றையும் உஸ்தாத் மேட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது கல்லும் முழுகினபோது மணி மூன்று. தண்ணீர் தொடை வரைக்கும் வந்திருந்தது. அடியில் பாறைகள் உருளும் சத்தம் கேட்டது.

"எத்திராஜண்ணா, ஒரு நிமிஷம் இங்க வாங்க!" சுபா பிக்கப்பிலிருந்து கூப்பிட்டாள்.

போய்ப் பார்த்தேன். சார் தன் ஜாக்கெட்டுக்குப் பட்டன் போட முயன்றுகொண்டிருந்தார். விரல் பட்டனுக்குப் போகவில்லை, அதன் பக்கத்திலேயே தடவிக்கொண்டிருந்தது. என்னை நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் ரொம்ப மரியாதையான, அந்நியமான ஒரு சிரிப்பு.

"ஏம்ப்பா, திருப்பாலைவனம் பஸ் போயிடுச்சா?"

இரண்டு நாள் முன்பு என்னோடு உட்கார்ந்து நண்டுக் குழம்பு பேசிய மனுஷருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. உயரத்தில் மூளையில் நீர் கோத்துக்கொண்டால் இப்படித்தான் ஆகும், உடனே கீழே இறக்கவில்லை என்றால் உயிர் தங்காது என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். பதினொன்றரைக்குத் தாண்டியிருந்தால் இந்நேரம் அவர் ஆஸ்பத்திரியில் இருந்திருப்பார்.

நேரே உஸ்தாதிடம் போனேன். அவர் முன்னால் குந்தி உட்கார்ந்தேன். "உஸ்தாத், தப்பு பண்ணிட்டேன். நீங்க சொன்னதுதான் சரி. இப்போ இன்னா பண்ணலாம்?" இந்தி பாதி, தமிழ் பாதி, அழுகை பாதி.

அப்பவே சொன்னேனே என்று அவர் சொல்லவில்லை. முகத்தில்கூட அது தெரியவில்லை. எழுந்துபோய் வண்டியிலிருந்த ஆக்ஸிஜன் சிலிண்டரை எடுத்து சாருக்கு மாட்டினார். படுக்கவிடாமல் சாய்த்து உட்காரவைத்தார். பிறகு என்னிடம் வந்து, இந்தத் தண்ணீரில் பிக்கப் இனி இறங்காது, விடிகாலைதான் வடியும், அதுவரைக்கும் இவர் தாங்கமாட்டார் என்றார். அக்கரையில் நாலு வளைவு தாண்டி ரோடு போடுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் ஜேசிபி இருக்கிறது, அது இந்தத் தண்ணீருக்கு அசையாது, யாராவது போய்க் கூப்பிடவேண்டும் என்றார். அவர் அதுவரை பேசி நான் கேட்டதில் அதுதான் நீளமான பேச்சு.

"நான் போறேன்" என்றேன். கயிற்றை எடுத்து இடுப்பில் கட்டப்போனேன். அவர் அதைப் பிடுங்கிப் போட்டார். ஓடுகிற தண்ணீரில் இடுப்பில் கயிறு கட்டினால், விழுந்தவனைத் தண்ணீர் எழவிடாமல் அமுக்கும் என்றார். இந்தத் தடவை நான் எதிர்த்துப் பேசவில்லை. ஓடை அகலமாகிப் பல கிளையாகப் பிரிகிற இடத்துக்கு என்னை மேலே கூட்டிக்கொண்டு போனார். கூடாரக் கம்பு ஒன்றைக் கையில் கொடுத்தார். முதுகில் தட்டினார்.

காலால் தரையைத் தடவிக்கொண்டே போய்விடலாம், அம்மா பின்னால் எத்தனை வருஷம் நடந்தவன் என்று நினைத்தேன். முதல் கிளையில் சரியாகத்தான் இருந்தது. இரண்டாவதில் பாதி தாண்டும்போது முழங்காலுக்குக் கீழே கால் இருக்கிறதா என்றே தெரியவில்லை. அந்தக் குளிரில் ஏரிக்காரன் வித்தை அத்தோடு சரி! கம்பை ஊன்றி, கண்ணால் பார்த்துப் பார்த்துக் காலை வைத்தேன். நாலாவது கிளையில் ஒரு பாறை புரண்டு தலைகுப்புற விழுந்தேன். கம்பு போயிற்று. எதையோ பிடித்து, எப்படியோ முட்டி போட்டு ஏறினேன். என் திறமை என்று ஒன்றும் இல்லை. இழுத்துக்கொண்டு போயிருந்தால் போயிருப்பேன்.

அந்த உயரத்தில் ஓடமுடியாது. பத்து அடி நடந்தால் மூச்சு வாங்கும். நடந்தேன், நின்றேன், நடந்தேன். ரோடு வேலைக்காரர்கள் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். பீகார் பக்கத்து ஆட்கள். நடுங்கிக்கொண்டு போய் நின்ற என் வாயிலிருந்து "ஆத்மி... பானி...", ஆள், தண்ணீர் என்று இரண்டு வார்த்தைதான் வந்தது. ஜேசிபிக்காரர் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்துவிட்டார். ஒரு பெண் தன் போர்வையை எடுத்து என் மேல் போட்டாள். எங்கிருந்து வருகிறாய், யார் நீ என்று ஒரு கேள்வி இல்லை.

ஜேசிபி ஓடையைத் தாண்டி அவர்கள் இருந்த கரைக்குப் போனது. சாரையும் சுபாவையும் உஸ்தாத் தூக்கி ஜேசிபியின் மண் அள்ளும் தொட்டியில் உட்காரவைத்தார். தூங்கும் பையில் அப்பாவைச் சுற்றி, அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சுபா உட்கார்ந்திருந்தாள். தண்ணீருக்கு மேலே தொட்டியைத் தூக்கிப் பிடித்தபடி அந்த மஞ்சள் வண்டி மெல்ல மெல்ல ஓடையில் இறங்கியது. அடிக்கிற தண்ணீர் சக்கரத்துக்கு மேலே தெறித்தது. நான் ரோடு வேலைக்காரர்கள் பக்கத்துக் கரையில் நின்று கும்பிடாத சாமி இல்லை. எங்கள் தெரு எல்லையம்மனிலிருந்து அங்கே பார்த்த புத்தர் வரைக்கும் ஒருத்தரையும் விடவில்லை. தொட்டியைக் கீழே இறக்கினதும் சார் கண்ணைத் திறந்து, "வந்துடுச்சா, சீட்டு கீதா?" என்றார். சுபா சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள்.

ரோடு வேலைக்காரர்களின் லாரியில் அவரை இறக்கினோம். இறங்க இறங்க அவர் கண் தெளிந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் இருந்தார். உயிர் பிழைத்தார்.

இதோடு நிறுத்தினால் நான் ஹீரோ. கம்பெனியிலும் அப்படித்தான் ஆக்கினார்கள். பனியாற்றில் இறங்கி உயிரைக் காப்பாற்றின எத்திராஜ் என்று சென்னையில் பொன்னாடை போர்த்தினார்கள். நான் குனிந்து வாங்கிக்கொண்டேன். பதினொன்றரை மணியைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. உஸ்தாதும் சொல்லவில்லை. எங்கே கம்பெனியிலிருந்து தூக்கிவிடுவார்களோ என்று எனக்குப் பயம். போனில் உஸ்தாதிடம் பேசும்போதெல்லாம் அவர், "சார் எப்படி இருக்கிறார்?" என்று மட்டும் கேட்பார். நான் "நல்லா கீறாரு" என்பேன்.

நன்றாக இல்லை. சாருக்கு நடை சரியாகவில்லை. நேராக நடக்கச் சொன்னால் ஒரு பக்கம் சாய்ந்துவிடுவார். மறுபடி வண்டி ஓட்டவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மூன்று மாதம் கழித்து, குலதெய்வத்துக்குப் படையல், கண்டிப்பாக வரவேண்டும் என்று சார் திருப்பாலைவனத்துக்குக் கூப்பிட்டார். போனேன். வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டு, சாய்ந்து சாய்ந்து நடந்து, உறவுக்காரர்கள் ஒவ்வொருத்தரிடமும் கூட்டிக்கொண்டு போனார். "இவருதான் எத்திராஜு. நான் இன்னிக்கி நிக்கிறேன்னா இவரால." ஒரு வயதான அம்மாள் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள். இலை போட்டார்கள். சோறு போட்டார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறேன், அன்றைக்கு என் இலையில்தான் அது இருந்தது. பாதியிலேயே எழுந்தேன். கை கழுவுகிற சாக்கில் பின்கட்டுக்குப் போனேன்.

சுபா அங்கே அடிபம்பு மேடையில் தனியாக உட்கார்ந்திருந்தாள். ஆள் பாதியாக இளைத்திருந்தாள். இவளிடமாவது சொல்லிவிடவேண்டும் என்று தோன்றியது.

"சுபா, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்மா. அன்னிக்கி ஓடைக்கிட்ட வந்ததும், உஸ்தாத் இன்னா சொன்னார்னா..."

"தெரியும்ணா" என்றாள்.

"இன்னா தெரியும்?"

"இப்பவே கெளம்புனு சொன்னாரு. ரெண்டு தடவ சொன்னாரு. நான் பூனால ரெண்டு வருஷம் வேல பாத்தேண்ணா, எனக்கு ஹிந்தி நல்லாவே தெரியும்."

நான் மேடையின் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"எனக்கும் போயிடலாம்னுதான் தோணிச்சு. அப்பாவ கீழ எறக்குனா போதும்னு இருந்துச்சு. ஆனா நீங்க அவ்ளோ உறுதியா சொன்னீங்க. ஏரிக்காரரு, இவருக்குத் தெரியாததான்னு வாய மூடிக்கிட்டேன்." அவள் என்னைப் பார்க்காமல் பம்பையே பார்த்துக்கொண்டு பேசினாள். "பொண்ணு நான், என் அப்பா, நான்தான பேசியிருக்கணும்? ஒரு வார்த்த பேசியிருந்தா அவரு இன்னிக்கி நேரா நடந்திருப்பாரு. நான்தாண்ணா அவர இப்படி ஆக்கிட்டேன். அவரு தடுமாறும்போதெல்லாம் எனக்கு அதுதான். அப்பாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

தம்பிகளே, தங்கச்சி, எனக்கு அப்போது செத்துப்போய்விடலாம் போல் இருந்தது. நான் செய்த தப்பை நான் மூன்று மாதமாக வாயில் அடக்கிவைத்திருந்தேன். அது சும்மா அடங்கிக் கிடக்கவில்லை. இந்தப் பெண்ணின் தலையில் போய் உட்கார்ந்து அவளைத் தின்றுகொண்டிருந்தது. அன்றைக்கே, அந்த லாரியிலேயே, "இது என் தப்பு"னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவளுக்கு இது வந்திருக்காது.

"அது ஒம்மேல இல்லம்மா. எம்மேல. முழுசா எம்மேல. உன்ன பேச வுடாம பண்ணினதும் நான்தான்" என்றேன். அவள் தலையை ஆட்டினாள், ஆனால் நம்பவில்லை. தனியாக ஒரு மூலையில் சொன்னால் எப்படி நம்புவாள்? சமாதானத்துக்குச் சொல்கிறேன் என்றுதான் நினைப்பாள்.

அவளைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனேன். பந்தியில் இருந்த அத்தனை பேர் எதிரிலும் சாரின் முன்னால் நின்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். தூங்கட்டும் என்று விட்டது, உஸ்தாத் சொன்னது, நான் கையைக் காட்டி நிறுத்தினது, மூன்று கல், மூன்று மணி. "நான் உங்கள காப்பாத்தல சார். உங்கள நிறுத்திவச்சதே நான்தான். சுபாவுக்கு இதுல ஒரு பங்கும் இல்ல"னு சொல்லி முடித்தேன்.

என்னைக் கும்பிட்ட அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அது எனக்கு வேண்டியதுதான்.

சார் என்னைப் பார்க்கவில்லை. மகளைத்தான் பார்த்தார். "இதுக்காகத்தான் இத்தினி நாளா சோறு தின்னாம கெடந்தியா நீ?" என்றார். அவர் பக்கத்தில் இருந்தவரை நகரச் சொல்லிவிட்டுத் தரையைத் தட்டினார். "வா, இங்க வந்து ஒக்காரு."

சுபா அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். இலை போட்டார்கள். நான் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தேன், என்னை யாரும் உட்காரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. அவள் முதலில் போட்ட சோற்றைச் சாப்பிட்டு முடித்தாள். அப்புறம் தலையை நிமிர்த்தி, இன்னும் கொஞ்சம் சோறு கேட்டாள்.